வீடு கீறப் படிக்கிற இடம்: கட்டுபெத்தையின் கதையும் எங்கள் கதையும்



போன கிழமை உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்று, "சேர், வீட்டுப் பிளான் கீறுறதுக்கு கம்பஸில ஒரு படிப்பு இருக்காம். உண்மையோ?" என்று கேட்டாள். நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். ஒருவர் "அது இஞ்சினியரிங்தானே பிள்ளை" என்றார். இன்னொருவர் "அது கொழும்புப் பிள்ளையளின்ர படிப்பு" என்றார். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டு பதிலும் பிழை. படிப்பித்துக் கொடுக்கிற நாங்களே ஒரு கதவை அடைத்து அனுப்பிவிட்டோம். அந்தப் பிழையைத் திருத்தத்தான் தேடி வாசித்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பார்ப்போம். நெல்லியடிச் சந்தியில் இருந்து கரவெட்டி, உடுப்பிட்டி, பருத்தித்துறை என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய நாற்சார் வீடுகள் இன்னும் ஒன்றிரண்டு நிற்பதைக் காணலாம். நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர், பனைமரச் சிலாகை, அதன்மேல் ஓடு. இவற்றைக் கட்டியவர்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. மேசன்மாரும் தச்சர்களும் தகப்பனிடம் இருந்து மகனுக்கு என்று கொண்டுவந்த அறிவு அது. சோளகம் எந்தப் பக்கம் இருந்து வரும், மாரி மழை எந்தச் சுவரை நனைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அரச கட்டடம் என்றால் ஓவசியர் வருவார், பொதுவேலைத் திணைக்களத்தின் படம் வரும். அந்தப் படத்தைக் கீறியவர் யாரென்று ஊருக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் கட்டடக் கலைஞராக வர விரும்பிய இலங்கைப் பிள்ளை கடல் தாண்டித்தான் போக வேண்டும். பம்பாயில் ஜே. ஜே. கலைக்கல்லூரி இருந்தது. லண்டனில் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் பள்ளி இருந்தது. கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா இந்த இரண்டு இடங்களிலும் படித்து, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர்தான். சட்டம் படித்திருந்த ஜெஃப்ரி பாவா பின்னர் லண்டனில் கட்டடக்கலை படித்துத் தேறியது 1957 இல், 38 வயதில். வசதியுள்ள குடும்பம் என்றால் இது முடியும். மற்றவர்களுக்கு இப்படியொரு தொழில் இருப்பதே தெரியாது.

இதனால் நாட்டின் பெரிய கட்டடங்களுக்குப் படம் வெளியில் இருந்து வந்தது. பேராதனைப் பல்கலைக்கழக நகரின் ஆரம்பத் திட்டத்தில் பிரித்தானிய நகரத் திட்டமிடலாளர் அபர்குரொம்பியின் கை இருந்தது. எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கீறியவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். வேலை நடந்த 1950களில், நகரின் முதல்வர் பதவியில் எங்கள் சமூகத்தைச் சேர்ந்த எம். எம். சுல்தானும் இருந்திருக்கிறார். 1959 இல் அல்பிரட் துரையப்பா முதல்வராக இருந்தபோது நூலகம் திறக்கப்பட்டது. பணம் சேர்த்தது ஊர். கல் அடுக்கியது ஊர். படம் மட்டும் வெளியூர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அழகான கட்டடம். ஆனால் அதைக் கீறப் படித்த பிள்ளையை உருவாக்க அன்று இலங்கையில் ஒரு பள்ளிகூட இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க 1950களின் கடைசியில் முயற்சி தொடங்கியது. 1957 இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் உருவானது. 1961 இல் மொரட்டுவைக்குப் பக்கத்தில் உள்ள கட்டுபெத்தையில் கட்டடக்கலைப் படிப்பு ஆரம்பமானது. அதற்கு முன்நின்று உழைத்தவர்களில் ஜஸ்டின் சமரசேகர முக்கியமானவர். கட்டுபெத்தையில் அப்போது இருந்தது கனடாவின் உதவியுடன் 1960 இல் திறக்கப்பட்ட செயல்முறைத் தொழில்நுட்ப நிறுவனம். அது 1966 இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகியது, 1972 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாகியது, 1978 இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமாகியது. கட்டடக்கலைப் படிப்பு இடையில் சில காலம் கொழும்பில் பல்கலைக்கழகத்தோடு இருந்துவிட்டு, மறுபடி கட்டுபெத்தைக்கே திரும்பிவந்தது.

அங்கே என்ன படிப்பிக்கிறார்கள்? பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அங்கே விரிவுரை மண்டபத்தைவிட முக்கியமான இடம் ஸ்டூடியோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் கீறுவதற்கு மேசை. ஒரு காணியைக் காட்டி, "இதில் ஒரு சிறு நூலகம் வேண்டும்", "ஒரு மீன்சந்தை வேண்டும்" என்று வேலை கொடுப்பார்கள். பிள்ளை அந்தக் காணிக்குப் போய், வெயில், காற்று, மரம், அயல், போகிற வருகிற சனம் எல்லாவற்றையும் பார்த்துக் கீற வேண்டும். பிறகு மட்டையிலும் பலகையிலும் மாதிரி செய்ய வேண்டும். கடைசியில் ஆசிரியர்களும் வெளியில் இருந்து வரும் கட்டடக் கலைஞர்களும் இருந்து கேள்வி கேட்பார்கள். எல்லோருக்கும் முன்னால் படத்தை ஒட்டிவிட்டு நின்று, "இந்த ஜன்னலை ஏன் மேற்கே வைத்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மாதிரி செய்து முடிக்க விடியும்வரை விழித்திருப்பது உலகம் முழுக்க இந்தப் பள்ளிகளின் வழக்கம். கட்டுமான முறை, கட்டடத்தின் தாங்குதிறன், காலநிலை, கட்டடக்கலை வரலாறு எல்லாம் இதோடு சேர்ந்தே வரும்.

பழைய கட்டடம் ஒன்றுக்குப் போய், நாடா பிடித்து அங்குலம் அங்குலமாக அளந்து, அப்படியே தாளில் கீறிவைப்பதும் கட்டடக்கலைப் பள்ளிகளில் ஒரு பயிற்சி. நாளை அந்தக் கட்டடம் விழுந்தாலும் படம் இருக்கும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

பட்டப்படிப்பு ஐந்து வருடம். அதன் பின் தொழிற்பயிற்சியும் தொழில்சார் பரீட்சையும் முடித்தால்தான் பட்டயக் கட்டடக் கலைஞர் ஆகலாம். அதே பீடத்தில் நகர, கிராமத் திட்டமிடல், கட்டடங்களுக்கான அளவையியல், நிலத்தோற்றக் கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகியவையும் உண்டு. மொழி ஆங்கிலம்.

இனி அந்தப் பிள்ளை கேட்டதற்குச் சரியான பதில். இது பொறியியல் படிப்பு இல்லை. கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதும் இல்லை. எந்தெந்தப் பாடங்களோடு விண்ணப்பிக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. இசட் புள்ளி மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். அந்தப் பரீட்சைக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகம் விளம்பரம் செய்யும்போது தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். பெறுபேறு இருக்கும், கீறுகிற கையும் இருக்கும், விண்ணப்பத் திகதி முடிந்திருக்கும்.

கட்டுபெத்தைக்கும் எங்களுக்கும் இடையில் ஏன் இவ்வளவு தூரம் விழுந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. பள்ளி தொடங்கிப் பத்து வருடத்துக்குள் தரப்படுத்தல் வந்தது. பிறகு போர் வந்தது. பாதை மூடியிருந்த வருடங்களில் கொழும்புக்குப் போவதே பெரும்பாடு. 1974 இல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் கிடைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் அது ஆரம்பித்தது. மருத்துவம் வந்தது, பல வருடம் கழித்துக் கிளிநொச்சியில் பொறியியலும் வந்தது. கட்டடக்கலைக்கு ஒரு துறை வரவில்லை.

இதே காலத்தில்தான் எங்கள் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 1981 யூன் முதலாம் திகதி விடியும்போது நூலகம் எரிந்து கிடந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. அதை மீளக் கட்டும் பொறுப்பை ஏற்றவர் யாழ்ப்பாணத்துக் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா. 1984 இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது. பின் அதுவும் போரில் சிதைந்தது. அந்த முயற்சியைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதிவைத்தார். முதல் தடவை படம் சென்னையில் இருந்து வந்தது. இரண்டாம் தடவை அதைக் கையில் எடுக்க எங்களுக்குள் ஒருவர் இருந்தார். 1959க்கும் 1984க்கும் இடையில் நடந்த மாற்றம் இது. ஆனால் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். 1987 யூலையில் நெல்லியடி மத்திய கல்லூரிக் கட்டடம் சிதைந்ததை இந்த ஊரில் யாருக்கும் நாங்கள் சொல்லத் தேவையில்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். பல வருடம் கழித்துச் சோனகர் தெருவில் உம்மாவின் வீட்டுக்குத் திரும்பிவந்து பார்த்தபோது, கூரை இல்லை, கதவு நிலை இல்லை. நடு முற்றத்தில் ஒரு வேப்பமரம் முளைத்து வளர்ந்திருந்தது. கட்ட வேண்டும். யார் கீறுவது? மேசன் ஒருவர் வந்தார், நல்ல மனிதர். தடியால் நிலத்தில் நாலு கோடு கீறினார். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, முன் விறாந்தை. உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பெண் பிள்ளையள் காற்று வாங்க ஒரு உள்முற்றம் இருந்ததே, அது எங்கே?" அந்தப் படத்தில் அதற்கு இடம் இல்லை.

போருக்குப் பின் வடக்கில் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. இந்திய வீட்டுத் திட்டம் மட்டுமே மொத்தம் 50,000 வீடுகள். வீட்டுக்கு 550 சதுர அடி, ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபா. தறப்பாளின் கீழ் இருந்த குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, நன்றி மறக்கக் கூடாது. ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பாருங்கள். மீனவர் வீடும் தோட்டக்காரர் வீடும் பெரும்பாலும் ஒரே அமைப்பு. வலை போட இடம் எங்கே, வெங்காயம் கட்டித் தூக்க இடம் எங்கே என்று உட்கார்ந்து கேட்டுக் கீற ஆள் போதவில்லை. எங்கள் நிலம் சுண்ணக்கல். கழிவறைக் குழியில் விட்டது கல்லுக்குள்ளால் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சின்னக் காணிக்குள் குழியை எங்கே வைப்பது, கிணற்றை எங்கே வைப்பது என்று பார்ப்பதும் வீடு கீறுகிறவரின் வேலைதான்.

இப்படிக் கேட்டுக் கீறுவது புதிய விடயம் இல்லை. மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் ஒன்றை அமைத்தபோது, குடிவரப் போகிற குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத்தான் வீடுகளைக் கீறினார். பல சமூகத்தவரும் அங்கே குடியேறினார்கள். இலங்கையில் கட்டடக்கலைப் பள்ளி தொடங்குவதற்கு முன்னரே அவர் அதைச் செய்துகாட்டிவிட்டார்.

இதனால்தான் அந்தப் பிள்ளையின் கேள்வி எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் வீட்டைக் கீறுகிறவருக்கு எங்கள் கிணறும் எங்கள் முற்றமும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எங்கள் பிள்ளைகள் சிலராவது அந்த ஸ்டூடியோ மேசையில் போய் இருக்க வேண்டும்.

நாங்கள் செய்யப்போவது மூன்று விடயம். ஒன்று, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, கைநூலைக் கையில் கொடுத்துவிட்டோம். இரண்டு, மொரட்டுவையில் கட்டடக்கலை படித்த வடமராட்சிக்காரர் யாராவது இதை வாசித்தால், ஒரு சனிக்கிழமை வந்து உயர்தரப் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் கதையுங்கள். தேத்தண்ணீர் எங்கள் செலவு. மூன்று, இந்த விடுமுறையில் விருப்பமான பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நாடாவும் கொப்பியுமாகப் பழைய நாற்சார் வீடுகளை அளந்து கீறப்போகிறோம். உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு வீடு நின்றால், உடைப்பதற்கு முன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு, ஒரு பகல் வந்து அளந்துவிட்டுப் போகிறோம்.

உம்மாவின் பழைய வீட்டுக்குப் படம் எதுவும் இல்லை. அது எப்படி இருந்தது என்று இப்போது சொல்ல உம்மாவும் இல்லை.