தஞ்சோங் மாலிமில் ஓர் அறிவு விளக்கு



தஞ்சோங் மாலிம் என்றதும் நமக்கு உப்சி பல்கலைக்கழகமே நினைவுக்கு வரும். தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் பெற்ற ஆசிரியர் பலரை உருவாக்கிய இடம் அது. அதன் பழைய வளாகத்தில் நிற்கும் 'சுலு புடிமான்' கட்டடத்தின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறிவுடையோரின் விளக்கு என்பதே அப்பெயரின் பொருள்.

ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் வின்ஸ்டெட், ஜாவாவிலும் பிலிப்பைன்ஸிலும் தாய்மொழிக் கல்வியைப் பார்வையிட்டு 1917இல் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக மலாக்கா, மாத்தாங் ஆசிரியர் கல்லூரிகள் மூடப்பட்டு, 1922 நவம்பரில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. மறைந்த பேரா சுல்தானின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கோதிக் சாயல் கொண்ட சுலு புடிமான் அதன் முதன்மைக் கட்டடமாயிற்று.

கட்டடம் பெரிது; ஆட்சியாளர் நோக்கமோ சிறிது. மலாய்ச் சிறுவர்கள் தம் தந்தையரைவிடச் சற்றுத் தேர்ந்த உழவராகவும் மீனவராகவும் வளர்ந்தால் போதும் என்பதே அன்றைய கொள்கை. ஆகவே பயிற்சி ஆசிரியர்கள் வளாகத்தில் தோட்டம் போட்டனர், கூடை முடைந்தனர்.

ஆயினும் முதல் முதல்வர் டசெக் மலாய்மொழிக் கல்வியின்பால் உண்மையான பற்றுடையவர். 1924இல் மொழிபெயர்ப்புப் பணிமனை அவ்வளாகத்திற்கு வந்தது. அறிஞர் ஸாபா அங்கிருந்து பாடநூல்களை உருவாக்கினார். தாய்மொழியில் நூல்கள் பெருகவே சிந்தனையும் பெருகியது. அங்குப் பயின்ற இப்ராகிம் யாக்கோப், 1938இல் இளைய மலாயர் சங்கத்தைத் தோற்றுவித்தார். கூடை முடையக் கற்பித்த இடத்தில் விடுதலை உணர்வும் முளைத்தது!

1997இல் இந்நிறுவனம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 2009இல் சுலு புடிமான் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. தேசியக் கல்வி அருங்காட்சியகமும் அங்கேதான் அமைந்துள்ளது.

இனி நம் பள்ளிகளை எண்ணிப் பார்ப்போம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறின. பழைய பலகைச் சுவர்களுக்கு இன்று ஒரு நிழற்படமேனும் எஞ்சியுள்ளதா? புதிய கட்டடம் தேவைதான். பழையதன் நினைவும் தேவையே. உங்கள் பள்ளியின் மூத்த மாணவர்களை அழைத்து வந்து பேசச் செய்யுங்கள். அவர்கள் சொல்வதை மாணவர்களே எழுதட்டும். அந்தத் தலைமுறை இருக்கும்போதே இதனைச் செய்தாக வேண்டும்.