பாலக்காட்டு நகரின் வலசைப் பறவைகள்

கேரளத்தின் பாலக்காடு நகரிலும் சுற்றுப்புறத்திலும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை தங்கிச் செல்பவை இங்குள்ள குளிர்கால வலசைப் பறவைகள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுப்போன இடமே பாலக்காட்டுக் கணவாய். கோவைப் பக்கத்து வறட்சி அதன் வழியே உள்ளே நுழைவதால், கேரளத்தின் பிற பகுதிகளில் அரிதான புன்செய்ப் பறவைகளையும் இங்கே காணலாம்.

வலசைப் பறவைகளைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. கல்பாத்திப் புழையோரமும், 1766-இல் ஹைதர் அலி கட்டிய கோட்டையைச் சுற்றியுள்ள மரங்களும், வீட்டுப் புழக்கடையும் போதும். நவம்பர் நடுவில் கல்பாத்தித் தேர் ஓடும் வேளையில் பெரும்பாலானவை வந்து சேர்ந்திருக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் ஆறுமணிக்குருவி, விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர் பெற்றது. உதிர்ந்த சருகைக் கிளறிப் புழுபூச்சி தேடும் பறவை அது. சருகைக் கூட்டி எரித்துவிடும் தோட்டத்தில் அதற்கு இரை கிடையாது. கொடிக்கால் வாலாட்டி கிழக்காசியாவிலிருந்து வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் அசைக்க, இது பக்கவாட்டில் ஆட்டும்.

வேலிப்புதரில் ‘சக், சக்’ என்று கேட்டால் அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. ஐரோப்பாவின் வடகிழக்கிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறந்து வரும் இந்தப் பழுப்புக் குருவி எங்கும் பரவியிருந்தும் படங்களில் அகப்படுவது குறைவு. அழகான மாங்குயிலை நூறு பேர் படமெடுக்கிறார்கள். இதன் குரலை அடையாளம் காண்பவர்கள் சிலரே. என் கணிப்பில், நகரத்துப் பறவை நோக்கல் தொடங்க வேண்டியது இந்தக் குரலிலிருந்துதான்.

கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியே கிழக்குக் காற்று பலமாக வீசும்; கிளைகள் ஓயாமல் ஆடும். 400 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவரும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்துக்குக் கீழே இறங்கினால் படம் கலங்கிவிடும். காற்று தணிந்திருக்கும் காலைப்பொழுதில், வெயிலை முதுகுக்குப் பின்னால் விட்டு, பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து எடுப்பதே நல்லது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு ஆறுமணிக்குருவியை வரவழைப்பது தவறு. குளிர்காலத்திலும் அது தனக்கென ஒரு எல்லையைக் காக்கிறது. இல்லாத எதிரியைத் தேடி அலைகையில் இரைதேடும் நேரம் வீணாகும்.

பாலக்காட்டு மாவட்டம் காவசேரியில் பிறந்த கே. கே. நீலகண்டன், ‘இந்துசூடன்’ என்ற புனைபெயரில் 1958-இல் மலையாளத்தில் எழுதிய ‘கேரளத்திலே பக்ஷிகள்’ பல தலைமுறைகளுக்குக் கையேடாக இருந்தது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுக்க வறண்ட பருவத்திலும் மழைக்காலத்திலும் கணக்கெடுத்து உருவாக்கிய கேரளப் பறவை வரைபடத்தில் 361 இனங்கள் பதிவாயின.

தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மாவட்டத்தின் கதை வேறு. மூணாறின் குளிர்ந்த ஓடைகளுக்குச் சாம்பல் வாலாட்டி செப்டம்பரிலேயே வந்துவிடும்; நீர்வழியும் சாலையோரங்களிலும் அது ஓடியாடும். வலசைப் பறவைகளின் முதல் வருகையைப் பலரும் ஆவலோடு எழுதிவைக்கிறார்கள். ஏப்ரலில் கடைசியாகக் கண்ட நாளைக் குறிப்பவர்கள் குறைவு. வலசைக் காலம் மாறுகிறதா என்று அறிய இரண்டு தேதிகளும் வேண்டும்.