பதிந்த குரலை வெளியே எடுக்கலாமா?

புதிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வந்தால் எடை, விலை, அளவு என்றுதான் பழையதோடு ஒப்பிடுவோம். சோனியின் மினிடிஸ்க் கருவிகளை நான் வேறொரு கேள்வியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்: நாம் பதிந்த குரலை நாமே வெளியே எடுக்கலாமா?

முதல் மாடல் எம்இசட்-1, 1992இல் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் தட்டில் பாட்டையும் பேச்சையும் பதியலாம். கசெட் போலச் சுற்றத் தேவையில்லை. வேண்டிய இடத்துக்கு உடனே தாவலாம்.

2001இல் நெட்எம்டி வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டுகளை யூஎஸ்பி வழியாக வேகமாக ஏற்றலாம். ஆனால் மைக்கில் பதிந்ததை அதே வயரால் திரும்ப இறக்க முடியாது. காரணம், பாட்டுகளைப் பிரதி எடுத்துவிடுவார்கள் என்ற பயம். 1988இலேயே சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கியிருந்த சோனி, பாட்டு விற்கும் நிறுவனமும்கூட. பாட்டுக்குப் போட்ட பூட்டு அம்மம்மாவின் குரலுக்கும் விழுந்தது. ஒரு மணி நேரப் பேச்சை எடுக்க, ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பதியவேண்டும்.

2004இல் ஹை-எம்டி அந்தப் பூட்டைப் பாதி திறந்தது. புதிய முறையில் பதிந்தவற்றை இறக்கலாம்; பழையவற்றை முடியாது. 2006இல் வந்த எம்இசட்-ஆர்எச்1தான் பழைய தட்டுகளையும் கம்ப்யூட்டருக்கு அனுப்பியது. அதற்குள் ஐபாட் வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. 2013இல் சோனி மினிடிஸ்க் கருவிகளையே நிறுத்திவிட்டது.

உங்கள் வீட்டு அலுமாரியில் மினிடிஸ்க் இருந்தால், கருவி ஓடுகிற காலத்திலேயே அதிலுள்ள குரல்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். தட்டு கெடாமல் இருக்கலாம். அதை வாசிக்கும் கருவிகள் குறைந்துகொண்டே போகின்றன.