ஒரு பிடி மண்ணும் ஒரு பொய்வழக்கும்

இடைக்கால இங்கிலாந்தில் நிலத்தை விற்கப் பத்திரம் கட்டாயமன்று. விற்பவரும் வாங்குபவரும் அந்நிலத்திலேயே போய் நிற்பர். விற்பவர் ஒரு மண்கட்டியையோ மரக்கிளையையோ எடுத்து வாங்குபவர் கையில் கொடுப்பார். பின் நிலத்தை விட்டு வெளியேறுவார். அக்கம்பக்கத்தார் கண்டதே சாட்சி. எழுத்து இன்றியமையாததானது 1677-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான்.

ஊரறிய நிகழ்ந்த இம்முறைக்கு அருகிலேயே மறைமுக வழியொன்றும் முளைத்தது. அதன் தொடக்கத்தில் நம் துறவியர் நிற்கின்றனர் என்பதை மறைப்பானேன்? மடத்திற்கு மரணமில்லை, ஆகவே உரிமையாளர் இறக்கும்போது மேலாளும் பிரபுவுக்கும் மன்னருக்கும் சேர வேண்டிய பணம் மடத்து நிலத்திலிருந்து வருவதேயில்லை. எனவே 1279-இல் முதலாம் எட்வர்டு மன்னர், மடங்கள் நிலம் பெறுவதைத் தடை செய்தார். மடங்களோ, நிலம் தர விரும்பியவர் மீதே "இது எங்கள் நிலம்" என வழக்குத் தொடுத்தன. அவர் வேண்டுமென்றே வாதாடாதிருப்பார். தீர்ப்பு மடத்திற்கு! இத்தகைய வழக்குகளில் மடத்தின் உரிமை மெய்தானா என ஜூரி ஆராய வேண்டுமென 1285-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

அதே சட்டத்தின் முதல் அதிகாரம், ஒருவருக்கும் அவர் பெற்ற வழித்தோன்றல்களுக்கும் என அளிக்கப்பட்ட நிலத்தை அவர் விற்று வாரிசுகளை வெறுங்கையராக்கக் கூடாது என்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் வழக்கறிஞர்கள் இந்தக் கட்டை அவிழ்க்கக் கையாண்டதும் அந்தப் பொய்வழக்கையே. வாங்குபவர் வழக்குத் தொடுப்பார். உரிமையாளரோ, "எனக்கு உறுதியளித்து விற்றவர் இவர்" என ஒருவரைக் காட்டுவார். பிற்காலத்தில் அந்த ஒருவர், நீதிமன்றத்தில் பெயர் கூவி அழைக்கும் சேவகரே! அவரும் ஆமென்பார். வழக்காளி அவரோடு தனியே பேச அனுமதி கேட்பார். வெளியே போன சேவகர் திரும்பமாட்டார். நிலம் வழக்காளிக்கு, வாரிசுகளுக்கு ஈடாக அதே மதிப்புள்ள நிலத்தைச் சேவகர் தர வேண்டும் என்பது தீர்ப்பு. அவருக்கு ஏது நிலம்? நீதிபதிக்கும் அது தெரியும்.

என்றோ இறந்த ஒருவரின் விருப்பம் தலைமுறை தலைமுறையாக நிலத்தை முடக்கியதும் கொடுமைதான். அக்கட்டு அவிழ வேண்டியதே. ஆயினும் பிறவாத பேரனுக்குக் காகிதத்தில் நிலம் எழுதிவைத்த தீர்ப்பை நீதியென ஏற்க மனம் ஒப்பவில்லை.

1833-இல் நாடாளுமன்றம் இந்த நாடகத்தை ஒழித்தது. அதன்பின், பதிவு செய்த பத்திரம் ஒன்றே அவ்வேலையைச் செய்தது. சேவகருக்கு அந்தச் சில்லறை வருமானமும் நின்றது. மண்கட்டி கொடுக்கும் பழைய முறையோ, வழக்கொழிந்த பின்னும் ஏட்டளவில் 1925-ஆம் ஆண்டுச் சட்டம் வரை உயிர்வாழ்ந்தது.