அமெச்சூர் கபடிச் சங்கங்களும் ஒழுங்கு விதிகளும்: செஞ்சி வட்டாரச் சடுகுடு முதல் உச்ச நீதிமன்றம் வரை

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக் கோட்டையில், இராசகிரி மலையின் அடிவாரத்தில் கல்யாண மகால், நெற்களஞ்சியம் ஆகியவற்றோடு உடற்பயிற்சிக் கூடம் என்று அடையாளம் காட்டப்படும் கட்டடம் ஒன்றும் உள்ளது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. கோட்டைக்குள் இருந்தவர்களின் உடற்பயிற்சிக்குக் கல்லில் சான்று இருக்கிறது. கோட்டைக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய ஏரியின் மடியிலும் உழவரும் கூலித் தொழிலாளரும் ஆடிய சடுகுடுவுக்கு அப்படி ஒரு சான்றும் இல்லை. ஆனால் இன்று சங்கம், விதிநூல், வழக்கு, தீர்ப்பு என்று நீண்ட ஆவணத் தொகுதி உருவாகியிருப்பது இந்த ஆட்டத்துக்குத்தான். ஆட்டக்காரருக்கான ஒழுங்கு விதிகளும் அவரை ஆளும் சங்கத்துக்கான விதிகளும் எவ்வாறு தோன்றின என்பதை இக்கட்டுரை பேசுகிறது.

ஊர் ஆட்டத்தின் கட்டுப்பாடு

செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை வட்டாரச் சிற்றூர்களில் சடுகுடு பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டி ஆடப்படுவது. உத்தி பிரித்து அணி சேர்ப்பார்கள். காலால் கோடு கிழிப்பார்கள். பாடிச் செல்பவர் மூச்சு விட்டாரா, தொட்டது பட்டதா என்பதில்தான் எப்போதும் தகராறு. அதைத் தீர்ப்பவர் ஊரில் வயதில் மூத்த, ஒரு காலத்தில் நன்றாக ஆடிய ஒருவர். அவர் சொல்லை மீறியவரை அடுத்த ஆட்டத்தில் யாரும் அணியில் சேர்க்கமாட்டார்கள். எழுதப்படாத இந்தத் தண்டனை உள்ளூரில் போதுமானதாக இருந்தது.

இதை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. யாரோடு யார் ஆடலாம், யார் யாரைத் தொடலாம் என்பதைச் சாதியும் தீர்மானித்த ஊர்கள் பல. தொட்டுப் பிடித்துக் கட்டிப் புரளும் ஆட்டத்தில் தீண்டாமைக்கு இடம் இருக்க முடியாது என்பது ஆட்டத்தின் இயல்பு. ஊரின் இயல்பு பெரும்பாலும் வேறாக இருந்தது.

விதிநூல் வந்த வழி

கபடி விதிகளை எழுத்தில் வடிக்கும் முயற்சி மராட்டியப் பகுதியில் தொடங்கியது. 1920-களின் தொடக்கத்தில் புனே, சாத்தாரா, பரோடா ஆகிய இடங்களின் உடற்பயிற்சிக் கழகங்கள் விதிகளைத் தொகுத்துப் போட்டிகளை நடத்தின. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் அனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலியினர் கபடியைக் காட்சி ஆட்டமாக ஆடிக் காட்டினர். 1950-இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1952-இல் சென்னையில் நடந்தது. 1972-இல் இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு உருவானது. அதன் கீழ் மாநிலச் சங்கங்கள், அவற்றின் கீழ் மாவட்டக் கழகங்கள், அவற்றில் பதிவு செய்த ஊர்க் குழுக்கள் என்ற அடுக்கு அமைந்தது. செஞ்சிப் பக்கத்து ஊர்க் குழு ஒன்று மாவட்ட அணித் தேர்வுக்குத் தன் வீரரை அனுப்ப வேண்டுமானால் இந்த ஏணியில்தான் ஏற வேண்டும்.

விதிநூல் ஆட்டக்காரரின் உடம்பிலிருந்து தொடங்குகிறது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், சங்கிலி எதுவும் கூடாது. உடம்பில் எண்ணெய் பூசக் கூடாது. பூசினால் பிடி வழுக்கும். பனியனின் முன்னும் பின்னும் எண் இருக்க வேண்டும். பாடி வருபவரின் வாயைப் பொத்தக் கூடாது, உடையையோ முடியையோ பற்றி இழுக்கக் கூடாது, கத்தரிப் பிடி போடக் கூடாது. மீறினால் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டை இரண்டு நிமிடம் வெளியேற்றம், சிவப்பு அட்டை ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

இவற்றில் பெரும்பாலானவை ஆட்டக்காரரின் உயிரையும் உறுப்பையும் காப்பவை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விதியைத் தமிழர்கள் அதிகம் கவனித்ததில்லை. பாடிச் செல்பவர் ‘கபடி’ என்ற அங்கீகரிக்கப்பட்ட சொல்லை மட்டுமே ஒரே மூச்சில், தெளிவாக, உரக்கச் சொல்ல வேண்டும். வேறு சொல்லைப் பாடினால் நடுவர் அவரைத் திருப்பி அனுப்புவார். எதிரணிக்குப் புள்ளியும் பாடும் வாய்ப்பும் கிடைக்கும். தலைமுறை தலைமுறையாக வந்த ‘சடுகுடு சடுகுடு’வும் ‘பலிஞ்சடுகுடு’வும் இவ்வாறு விதிமீறலாயின. நாடு முழுதும் ஒரே ஆட்டம் வேண்டுமென்றால் ஒரே சொல் வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. விலை கொடுத்தது யார் என்பதையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

‘அமெச்சூர்’ என்ற சொல்

சங்கப் பெயரில் உள்ள ‘அமெச்சூர்’ என்ற சொல் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கொடை. பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காக ஆடுபவர் என்பது அதன் பொருள். நடைமுறையில் அது வர்க்க வேலியாக இருந்தது. 1879-இல் ஹென்லி படகுப் போட்டிக்கு வகுக்கப்பட்ட வரையறை, கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் அமெச்சூராக ஏற்கவில்லை. உடலுழைப்பால் வலிமை பெற்றவர் கனவான்களோடு போட்டியிடுவது முறையல்ல என்பது வாதம். அதே அளவுகோலை வைத்தால் ஏர் பிடித்தும் மண்வெட்டி பிடித்தும் தோள் உரம் பெற்ற செஞ்சிப் பக்கத்துச் சடுகுடுக்காரர் ஒருவர்கூட அமெச்சூர் ஆகமாட்டார்!

ஒலிம்பிக் உலகிலும் இந்தச் சொல் பலரைப் பழிவாங்கியது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன் சிறு தொகை வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்பதற்காக 1913-இல் பதக்கங்களை இழந்தார். அவரே அப்போட்டிகளின் ஒரே வெற்றியாளர் என்று முழுமையாக ஏற்கப்பட்டது 2022-இல். அவர் இறந்து 69 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியக் கபடியில் இச்சொல் பெயரளவில்தான் நிற்கிறது. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியது. 2018 ஏலத்தில் ஒரு வீரரின் விலை 1.51 கோடி ரூபாயைத் தொட்டது. சிற்றூர் வீரருக்கு அந்த ஏலம் தொலைவில் உள்ளது. அவருக்கு அருகில் இருப்பது சான்றிதழ். காவல்துறை, ரயில்வே, மாநில அரசின் விளையாட்டு இட ஒதுக்கீடு எதற்கும் அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் போட்டியில் ஆடிய சான்று தேவை. எனவே சங்கம் ஒருவரை ஓராண்டு நீக்கிவைத்தால் அவர் இழப்பது சில ஆட்டங்களை மட்டும் அல்ல, வயது வரம்புக்குள் கிடைத்திருக்கக்கூடிய வேலையையும்தான். அமெச்சூர் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கையைப் பொழுதுபோக்குக் கழகத்தின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுவே.

1936: ஒரு முன்னோடி வழக்கு

இந்திய விளையாட்டில் ஒழுங்கு நடவடிக்கை என்றதும் நினைவுக்கு வரும் பழைய நிகழ்வு கிரிக்கெட்டில் நடந்தது. கபடி பெர்லினில் ஆடப்பட்ட அதே 1936-இல் இந்திய அணி இங்கிலாந்தில் பயணம் செய்தது. தலைவர் விசயநகர மகாராஜ்குமார். ஆட்டத் திறனைவிடச் செல்வமும் செல்வாக்கும் அவரை அப்பதவிக்குக் கொண்டுவந்தன. சென்னையிலிருந்து எம்.ஜே. கோபாலனும் சி. ராமஸ்வாமியும் அணியில் இருந்தனர். இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை 1933-இல் அடித்த லாலா அமர்நாத், லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் காலுறை கட்டிக் காத்திருந்தும் அவருக்கு முன் மற்றவர்கள் அனுப்பப்பட்டனர். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குத் திரும்பியவர் பொருள்களை வீசியெறிந்து பஞ்சாபியில் முணுமுணுத்தார். முதல் டெஸ்டுக்கு முன்பே, ஒழுங்கு மீறினார் என்று கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்.

முறையான விசாரணை அவர் திரும்பிய பிறகே நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் போமான்ட் தலைமையிலான குழு 1937-இல் அறிக்கை அளித்தது. அது அமர்நாத்தின் பெரும்பழியை நீக்கியது. தலைவருக்கு ஆட்டக்காரர்களை நிறுத்தும் முறையோ பந்துவீச்சை மாற்றும் முறையோ தெரியவில்லை என்றும், நல்ல வீரர்கள் வாரக்கணக்கில் சும்மா உட்காரவைக்கப்பட்டனர் என்றும் கூறியது. அந்த டெஸ்ட் தொடர் அமர்நாத்துக்குப் போனது போனதுதான். 1947-இல் விடுதலை இந்தியாவின் முதல் கிரிக்கெட் தலைவரான அவரை, 1949-இல் கட்டுப்பாட்டு வாரியம் மீண்டும் ஒழுங்கீனத்தின் பேரில் இடைநீக்கம் செய்தது.

குற்றச்சாட்டை எழுத்தில் தருதல், பதில் சொல்ல அவகாசம் தருதல், குற்றம் சாட்டியவரே தீர்ப்புச் சொல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் இயற்கை நீதியின் அடிப்படைகள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான எந்தச் சங்கத்தின் துணைவிதியிலும் உறுப்பினர் நீக்கம் பற்றிய பிரிவு இருக்கும். அதைப் படிக்கும்போது இம்மூன்றும் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

சங்கத்துக்கு விதி எழுதிய நீதிமன்றம்

ஆட்டக்காரரின் நகம்வரை கவனித்த கூட்டமைப்பு, தன் நிர்வாகிகளின் பதவிக்காலத்தைக் கவனிக்கவில்லை. இராசத்தான் அரசியல்வாதி ஜனார்தன் சிங் கெலாட் 1984 முதல் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அதன் தலைவராக இருந்தார். அவருக்குப்பின் அவருடைய மனைவி தலைவரானார். அவர் வாழ்நாள் தலைவர் ஆனார். 2011-இன் தேசிய விளையாட்டு நெறிமுறை 70 வயது வரம்பையும் பதவிக்கால வரம்பையும் விதித்திருந்தது. முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த இரு பதவிகளும் செல்லாது என்று கூறி, கூட்டமைப்பை நிர்வாகி ஒருவரிடம் ஒப்படைத்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி எஸ்.பி. கார்க் அப்பொறுப்பில் இருந்தார்.

அந்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவர் அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது. 1990-இல் கபடி அங்கே சேர்க்கப்பட்ட நாள்முதல் கைவிடாத தங்கம் போனது. அணித் தேர்வில் முறைகேடு என்ற புகாரும் நீதிமன்றத்தில் இருந்ததால், தேர்வான அணியும் விடுபட்டவர்களும் மோத வேண்டும் என்று ஆணை பிறந்தது. 2018 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் களம் தயாராக இருந்தது. ஆசிய விளையாட்டு அணி வரவில்லை. கபடியில் எதிரணி வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதி உண்டு. இந்த வழக்கில் அது உதவவில்லை.

நிர்வாகியின் ஆட்சி நீண்டதில் வேறொரு இடர் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லாததால் பன்னாட்டுக் கூட்டமைப்பு இந்தியக் கூட்டமைப்பின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. ஈரானில் நடக்கவிருந்த மகளிர் ஆசியப் போட்டிக்குப் போக முடியாத நிலையில் வீராங்கனைகள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2023 டிசம்பரில் தேர்வான குழுவிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு 2025 பிப்ரவரியில் ஆணையிடப்பட்டது. மார்ச்சில் இந்திய மகளிர் கோப்பையோடு திரும்பினர். சங்கத்தைத் திருத்த எடுத்த மருந்து ஆட்டக்காரரின் வாயிலும் கசந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊர்ப் போட்டிக்குத் திரும்புதல்

நீதிமன்றம் விதி எழுதியது டெல்லியில் மட்டுமல்ல. ஊர்க் கபடிப் போட்டிகளுக்கு அனுமதி கேட்டு வந்த மனுக்களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த நிபந்தனைகளைப் பார்த்தால் அவை ஒரு சங்கத்தின் நடத்தை விதிகள் போலவே இருக்கும். வீரர்களின் உடையில் சாதி அடையாளமோ சாதி, அரசியல் தலைவர்களின் படமோ இருக்கக் கூடாது. போதையில் யாரும் களமிறங்கக் கூடாது. மருத்துவ உதவி தயாராக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையின் அவசியத்தைத் தென்னாற்காட்டுக்காரருக்கு விளக்க வேண்டாம். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஊர்ப் போட்டியொன்றில் பாடிச் சென்ற இளைஞர் களத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். முந்தைய போட்டியில் வென்ற கோப்பையை அவருடன் புதைத்தனர்.

2025 சனவரியில் பஞ்சாபின் பதிண்டாவில் பல்கலைக்கழக மகளிர் கபடிப் போட்டியில் ஆட்டமுறை மீறல் பற்றிய வாக்குவாதம் கைகலப்பாகி, தமிழ்நாட்டு மாணவியர் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. அட்டைகள் மூன்றும் நடுவரின் சட்டைப்பையில் இருந்தும் களம் கட்டுப்பாட்டில் இல்லை. முறையீட்டை யாரிடம் செய்வது என்பது தெளிவாக இல்லாத களத்தில் வாக்குவாதம் இப்படித்தான் முடியும்.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்தது. அதன்படி தேசிய விளையாட்டு வாரியம் ஒன்றும் தீர்ப்பாயம் ஒன்றும் அமைய வேண்டும். வயது வரம்பு சில நிபந்தனைகளோடு 75 வரை தளர்த்தப்பட்டுள்ளது. தேசியக் கூட்டமைப்புகளின் தேர்தல் தகராறுகளுக்கு இது வழி காட்டும். மாவட்ட அணித் தேர்வில் காரணம் சொல்லப்படாமல் நீக்கப்பட்ட 19 வயது வீரர் ஒருவர் செஞ்சியிலிருந்து டெல்லித் தீர்ப்பாயத்துக்குப் போகப்போவதில்லை. அவருக்குத் தேவை மாவட்டக் கழகத்தின் துணைவிதியில் ஒரு மேல்முறையீட்டுக் குழுவும், நீக்கத்துக்கான காரணத்தை எழுதித் தரும் ஒரு தாளும்.