அமெரிக்கச் சாசனத்தின் ஒரு சொற்றொடரும் சென்னை மாகாண உறுப்பினரின் வாதமும்

எங்கள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் மாநகர் சில கல் தொலைவுதான். அந்நகரின் அஸ்தம்பட்டிப் பகுதியில் வெள்ளையர் காலத்து மத்திய சிறைச்சாலை இருக்கிறது. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அச்சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். கம்யூனிஸ்ட் இயக்கத்தைச் சேர்ந்த அவர்களுள் பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். குடியரசின் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து அன்றைக்கு 16 நாட்களே ஆகியிருந்தன. ‘எந்த மனிதரின் உயிரும் உடற்சுதந்திரமும் சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படியன்றிப் பறிக்கப்படலாகாது’ என்னும் பொருள் தரும் அதன் 21ஆம் பிரிவின் மை உலர்வதற்குள் இது நிகழ்ந்தது.

அந்நாட்களில் சென்னை மாகாணச் சிறைகளில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்தோர் பலர். அவர்களை அவ்வாறு வைத்திருக்க அரசுக்கு இடமளித்தது எது என்று தேடிப் புகுந்தால், நாம் அமெரிக்க நாட்டின் சாசனத்திற்குச் சென்று, அங்கிருந்து டில்லி அரசியல் நிர்ணய சபைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அச்சபையில் முஸ்லிம் உறுப்பினர்கள் எழுப்பிய குரலொன்று இன்று நம்மவர்களாலேயே மறக்கப்பட்டுவிட்டதால் இதனை விரித்தெழுத நேர்ந்தது.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் 55 பிரதிநிதிகள் கலந்துகொண்ட மாநாடு அமெரிக்கச் சாசனத்தை வகுத்தது. இறுதியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர். ஒரு மன்னரின் ஆட்சியை உதறியெறிந்து வந்த அவர்கள், அதிகாரம் ஓரிடத்தில் குவிவதையே பெரிதும் அஞ்சினர். ஆகவே சட்டமியற்றுவது காங்கிரஸ் என்றும், ஆட்சி நடத்துவது ஜனாதிபதி என்றும், வழக்குத் தீர்ப்பது நீதிமன்றம் என்றும் பிரித்தனர். பிரித்ததோடு நில்லாமல் ஒன்றை மற்றொன்று தடுத்து நிறுத்தவும் வழி வைத்தனர். காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி மறுக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் அம்மறுப்பை மீறலாம். நீதிபதிகளை ஜனாதிபதி நியமிப்பார். செனட் சபை இசைய வேண்டும். அமர்ந்தபின் நன்னடத்தை உள்ளவரை அவர்களை எவரும் அசைக்க இயலாது. சாசனத்திற்கு முரணான சட்டம் செல்லாது என அறிவிக்கும் அதிகாரத்தை 1803இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தம் தீர்ப்பினாலேயே நிலைநாட்டிக்கொண்டார்.

இத்தனை இருந்தும் குடிமக்களின் உரிமைகளைப் பற்றி மூலச் சாசனம் மிகக் குறைவாகவே பேசிற்று. அக்குறை பெரிதாக எழவே, மாடிசன் முன்னின்று கொணர்ந்த பத்துத் திருத்தங்கள் 1791இல் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஐந்தாவது, ‘உரிய சட்டநெறியின்றி’ எவருடைய உயிரும் சுதந்திரமும் உடைமையும் பறிக்கப்படலாகாது என்றது. இங்கிலாந்தில் 1354ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டத்தில் இடம்பெற்ற பழந்தொடர் அது. அதன் ஆற்றல் ‘உரிய’ என்னும் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. சட்டம் ஒன்று இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதாது. அது நியாயமானதா என்று நீதிபதி கேட்கலாம்.

ஆயினும் நல்ல சொல்லும் சேரும் கையைப் பொறுத்தே பலன் தரும். 1857இல் டிரெட் ஸ்காட் என்னும் கறுப்பின அடிமையின் வழக்கில், அடிமையும் உடைமையே, அவ்வுடைமையைப் பறித்தலாகாது என்று கூறி எசமானர்களைக் காக்க இதே தொடரைத் தலைமை நீதிபதி டானி துணைக்கழைத்தார். உள்நாட்டுப் போருக்குப்பின் 1868இல் பதினான்காம் திருத்தம் இத்தொடரை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துமாறு விரித்தது. அதுவும் வேறொரு வழியில் திரும்பிற்று. ரொட்டி சுடும் தொழிலாளரிடம் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 60 மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று நியூயார்க் மாநிலம் சட்டமியற்றியது. முதலாளியின் ஒப்பந்தச் சுதந்திரத்தை அது பறிக்கிறது என்று சொல்லி, 1905இல் ஐவர் எதிர் நால்வர் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. தறிக்கூடத்திலும் ஆலையிலும் உழைப்போர் நிறைந்த சேலம் வட்டாரத்தில் வாழும் நமக்கு அத்தீர்ப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இந்த வரலாறு தெரிந்ததனால்தான் நம் நாட்டில் தயக்கம் பிறந்தது. சாசன ஆலோசகரான சர் பி. என். ராவ் 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா சென்றபோது நீதிபதி பிராங்க்பர்ட்டர் அவருக்கு எச்சரிக்கை விடுத்தார். மக்கள் தேர்ந்த சட்டமன்றத்தின் முடிவைச் சில நீதிபதிகள் தள்ளிவிட இத்தொடர் இடம் கொடுக்கும் என்பது அவர் கருத்து. அதுவரை வரைவில் இருந்த ‘உரிய சட்டநெறி’ நீக்கப்பட்டது. அதனிடத்தில் 1946ஆம் ஆண்டின் ஜப்பான் சாசனத்திலிருந்து ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்னும் தொடர் வந்தமர்ந்தது.

1948 டிசம்பர் 6ஆம் நாள் இப்பிரிவு சபையின் முன் வந்தது. மத்திய மாகாணத்தைச் சேர்ந்த காஸி சையத் கரீமுத்தீன் பழைய தொடரே வேண்டும் என்று வாதிட்டார். சென்னை மாகாணத்து முஸ்லிம் உறுப்பினர் மஹ்பூப் அலி பேக் சாஹிப் எழுந்து, வரைவுக் குழுவின் வாதத்தை அதன் சொந்த ஆதாரத்தைக் கொண்டே மடக்கினார். ஜப்பானிலிருந்து ஒரு பிரிவை எடுத்தீர்கள். அதைத் தாங்கி நிற்கும் பக்கத்துப் பிரிவுகளை ஏன் விட்டுவிட்டீர்கள் என்பதே அவர் வினவியதன் சாரம். நீதிமன்றத்தை அணுகும் உரிமை மறுக்கப்படலாகாது, குற்றச்சாட்டைத் தெரிவிக்காமலும் வழக்கறிஞரின் துணையில்லாமலும் எவரையும் சிறைவைக்கலாகாது என்றெல்லாம் ஜப்பான் சாசனம் கூறுகிறது. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் கூடு. சட்டமன்றம் எப்படிப்பட்ட சட்டத்தை இயற்றினாலும் அதுவே நடைமுறையாகிவிடும்.

அவர்கள் தனித்து நிற்கவில்லை. கே. எம். முன்ஷியும் தாகூர் தாஸ் பார்கவாவும் அதே பக்கம் பேசினர். எதிர்ப்பக்கம் நின்ற அல்லாடி கிருஷ்ணஸ்வாமி ஐயரும் சென்னை மாகாணத்தவரே. மேலே சொன்ன அமெரிக்கத் தீர்ப்புகளின் அனுபவமே அவருக்குப் படைக்கலம். அது பொய்யான அச்சமென்று நாம் சொல்லிவிட முடியாது. டாக்டர் அம்பேத்கர் இருசாராரின் நியாயத்தையும் எடுத்துரைத்து, முடிவை அவைக்கே விட்டார். டிசம்பர் 13ஆம் நாள் திருத்தங்கள் தோற்றன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் கொணர்ந்த புதிய பிரிவு இன்று 22ஆம் பிரிவாக நிற்கிறது. கைதானவருக்குச் சில பாதுகாப்புகளை அது அளித்தது. அதே பிரிவு தடுப்புக் காவலுக்கும் இடம் தந்தது.

நிர்ணய சபையின் முஸ்லிம் உறுப்பினர்கள் என்றால் தனித்தொகுதியும் ஷரீஅத் சட்டமுமே நம் நினைவுக்கு வருகின்றன. மேற்சொன்ன விவாதத்துக்கு 13 நாட்களுக்கு முன்னர், நவம்பர் 23இல், பொது சிவில் சட்டம் குறித்துக் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் கொணர்ந்த திருத்தத்தை நம் மேடைகள் பலமுறை எடுத்துரைத்திருக்கின்றன. அது வேண்டியதே. ஆனால் சமுதாயப் பெயர் எதுவும் இன்றி, இந்நாட்டில் பிறந்த எவனுக்கும் பொருந்தும்படி மஹ்பூப் அலி பேக் பேசிய பேச்சை ஏன் விட்டுவிட்டோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

அப்பேச்சின் பயனை முதலில் சோதிக்க நேர்ந்தது ஏ. கே. கோபாலனின் வழக்கு. 1947 டிசம்பர் முதல் அடைபட்டிருந்த அவருக்கு, புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் 1950 மார்ச் முதல் நாளன்று மற்றோர் ஆணை நீட்டப்பட்டது. சென்னை அரசுக்கு எதிராக அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். எம். கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். மே 19இல் தீர்ப்பு வந்தது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லலாகாது என்ற ஒரு விதியை ஆறு நீதிபதிகளும் ஒருமித்து நீக்கினர். அதற்குமேல் பெரும்பான்மையோர் செல்லவில்லை. நிர்ணய சபை ‘உரிய சட்டநெறி’யை அறிந்தே கைவிட்டது, ஆகவே முறையாக இயற்றிய சட்டமொன்று இருந்தால் போதும் என்றனர். கோபாலன் சிறையிலேயே இருந்தார்.

நீதிபதி சையத் பாஸல் அலி அதற்கு உடன்படவில்லை. நடைமுறை என்று சொல்லப்படுவதில் முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் இயல்பாகவே அடங்கியிருக்க வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வெவ்வேறு உரிமைப் பிரிவுகளைத் தனித்தனித் தீவுகளாகப் படிக்கலாகாது என்பதும் அவர் கொள்கை.

நெருக்கடி நிலையின்போது இக்கேள்வி மீண்டும் தலையெடுத்தது. மிசாவில் அடைபட்டோர் நீதிமன்றக் கதவைத் தட்டவும் உரிமையற்றவர் என்று 1976 ஏப்ரல் 28இல் நால்வர் தீர்ப்பளித்தனர், எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். இரண்டாண்டுகளுக்குள் காற்று திரும்பியது. காரணம் கூறாமல் கடவுச்சீட்டைப் பறித்தது பற்றிய மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்பது நியாயமானதாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று 1978 ஜனவரி 25இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதன் முதன்மைத் தீர்ப்பை எழுதிய பகவதி, 1976இல் அந்த நால்வருள் ஒருவராக இருந்தவரே!

காஸி கரீமுத்தீன் மற்றொன்றும் கேட்டிருந்தார். காரணமின்றி ஒருவர் வீட்டையும் தாள்களையும் சோதனையிடலாகாது என்ற அமெரிக்காவின் நான்காம் திருத்தத்தை இங்கும் சேர்க்கும்படி 1948 டிசம்பர் 3இல் வேண்டினார். அம்பேத்கர் ஏற்க இசைந்தும் அது சாசனத்தில் ஏறவில்லை. 2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்க உரிமையும் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த வழக்கில், கைவிடப்பட்ட அந்தத் திருத்தமும் ஆராயப்பட்டது. 1976ஆம் ஆண்டின் தீர்ப்பு தவறென்று அறிவிக்கப்பட்டதும் அவ்வழக்கில்தான்.

பாஸல் அலியின் பெயர் தமிழர்களுக்கு வேறொரு வகையில் பழக்கம். மொழிவழி மாநிலங்களை ஆராய்ந்த குழுவின் தலைவர் அவர். தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்ததற்காக இங்கு அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. கோபாலன் வழக்கில் அவர் எழுதியதைப் பலர் படித்ததில்லை. 1959இல் அஸ்ஸாம் ஆளுநராக இருக்கும்போதே அவர் காலமானார். உரிமைப் பிரிவுகளைத் தனித்தனியாகப் படிக்கும் பழைய முறையை உச்ச நீதிமன்றம் வங்கி தேசியமயமாக்கல் வழக்கில் கைவிட்டது 1970இல்.