கண்டாங்கிச் சேலையில் நிற வேறுபாடு
கண்டாங்கிச் சேலை, செட்டிநாட்டின் காரைக்குடி வட்டாரத்தில் கைத்தறியில் நெய்யப்படும் பருத்திச் சேலை. கட்டங்களும் அகலமான கரையும் இதன் அடையாளங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்கள் அருகருகே வருவதால் சேலை எடுப்பாகத் தெரிகிறது.

இந்த எடுப்பு சாயத்தால் மட்டும் வருவதன்று. பாரிசின் கோபெலின் நெசவாலையில் கறுப்புச் சாயம் அழுத்தமாக இல்லை என்ற குறை எழுந்தது. 1824-ல் அங்கு சாயப்பிரிவு இயக்குநரான வேதியியலாளர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரோல் அதனை ஆராய்ந்தார். சாயத்தில் பிழை இல்லை. நீலம், ஊதா நூல்களை ஒட்டி நெய்ததே காரணம் எனக் கண்டார். அண்டை நிறத்தோடு ஒப்பிட்டே கண் ஒரு நிறத்தை மதிப்பிடுகிறது என்னும் விதியை 1839-ல் நூலாக வெளியிட்டார்.

அவ்விதிப்படி, ஒரே கடுகு மஞ்சள் நூல் கறுப்பை அடுத்து வந்தால் பளிச்சென்றும், வெள்ளையை அடுத்து வந்தால் மங்கியும் தெரியும். எனவே கண்டாங்கியின் அழகில் சாயமிடுபவருக்கு உள்ள பங்கு, பாவிலும் ஊடையிலும் நிறங்களை வரிசைப்படுத்தும் நெசவாளருக்கும் உண்டு. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.